காவலரணில் கழற்றிய சீற்

போன மாதம் மட்டக்களப்பு நகரில் சைக்கிள் பட்டறை நடத்தும் சகோதரர்கள் இருவர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தன் காபன் ரேஸ் சைக்கிளை அவர்களிடம் விட்டிருந்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். நான் வேலை செய்த காலத்துச் சைக்கிள்களின் முன்சில்லும் மட்காடும் சேர்ந்தே இந்தப் பாரம் இருக்கும். குறை என்னவென்றால், ஓட ஓட சீற் தானாகக் கீழே இறங்கியது. இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள், இறங்கியது. இன்னும் இறுக்கியிருக்கிறார்கள், அப்போதும் நிற்கவில்லை.

சீற்றைத் தாங்கும் பைப்பை வெளியே எடுத்தோம். கிறீஸ் மினுமினுத்தது. இரும்புக்குப் பூசுகிற மாதிரி இதற்கும் பூசிவிட்டார்கள். காபனுக்குக் கிறீஸ் ஆகாது, அதற்கென்று மணல்போல் நறநறக்கும் ஒரு பசை இருக்கிறது என்று மூத்தவர் போனில் தேடி வாசித்துக் காட்டினார். மேல் வளையம் கடித்த இடத்தில் தலைமயிர்போல ஒரு கோடு தெரிந்தது. நாணயத்தால் தட்டினேன். மற்ற இடங்களில் கணீரென்றது, கோட்டின் மேல் சத்தம் செத்துக் கேட்டது. அந்தப் பைப்பை ஒதுக்கிவிடச் சொன்னேன். அதே பருமனில் புதியதை எடுப்பித்து, குழாயின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, பசை பூசி, போதும் என்கிற அளவு வந்ததும் தானே 'கிளிக்' என்று சொல்லும் திருகுசாவியால் இறுக்கினார்கள். அந்தச் சாவியை எனக்கு மிகவும் பிடித்துப் போனது.

இளையவர் கேட்டார்: "ஐயா, உங்கட காலத்தில ஒரு சீற் பைப்புக்கு இவ்வளவு பாடு பட்டிருக்கமாட்டீங்க, என்ன?"

"பட்டிருக்கம் தம்பி," என்றேன். சொல்லத் தொடங்கியதும் எழுதியே தரச்சொல்லிவிட்டார்கள்.

நான் முதலில் சைக்கிள்காரன் இல்லை. நெல் ஆலையில் இயந்திரங்களைப் பூட்டிக் கழற்றும் பிட்டராக இருந்தேன். யுத்தம் வந்து ஆலை மூடப்பட்டபோது எனக்கு முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் ஒரு நிவாரண அமைப்பு சைக்கிள் பட்டறை ஒன்றைத் தொடங்கியிருந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களுக்குப் போய்வரும் மருத்துவமாதுகள், தடுப்பூசி போடுகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்த அமைப்பு சைக்கிள் கொடுத்திருந்தது. பெற்றோல் இல்லை, வாகனம் போக அனுமதியும் இல்லை. முப்பத்தெட்டுச் சைக்கிள்கள். அவற்றை ஓடவைப்பது என்னோடு சேர்த்து மூன்று பேரின் வேலை. ஆலையில் படித்த வேலை கையில் இருந்ததால் மூன்று மாதத்தில் நான் சைக்கிளுக்குப் பழகிவிட்டேன். பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன் என்பதே சரி.

பட்டறைக்குப் பொறுப்பான போர்மன் ஹென்றி. ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பம். தகப்பன் வழியில் எல்லோரும் கொல்லுவேலை, தச்சுவேலை செய்தவர்கள். கொழும்பில் பெரிய இயந்திரச்சாலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, படுக்கையில் விழுந்த தாயைத் தனியே விட மனமில்லாமல் திரும்பி வந்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். பட்டறையில் எல்லோரும் அவரைப் 'போர்மன்' என்போம். அவர் எங்களை 'அண்ணன்' என்பார்.

ஒரு சைக்கிள் உள்ளே வந்தால் அவர் உடனே சாவியை எடுக்கமாட்டார். சீற்றில் ஒரு கையை வைத்து, பத்து அடி உருட்டிக்கொண்டு போவார். தலையைச் சற்றுச் சரித்துக் கேட்பார். திரும்பி உருட்டி வருவார். பிறகு சொந்தக்காரரிடம் ஒரே கேள்வி: "எந்தப் பாதையால போறீங்க?" வயல் வரம்பா, கிரவல் ரோட்டா, தண்ணீரில் இறக்குவீர்களா என்று கேட்டறிந்த பின்தான் கழற்றத் தொடங்குவார். கழற்றிய நட்டுகளை ஓர் எனாமல் தட்டில் இடமிருந்து வலமாக, கழன்ற வரிசையில் வைப்பார். அந்தத் தட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார்.

யாராவது பிழையாகச் செய்திருந்தால் ஏசமாட்டார். பழுதான துண்டைக் கொண்டுவந்து செய்தவரின் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏச்சு வாங்குவது அதைவிட லேசு.

அவர் வைத்திருந்த விதிகளில் ஒன்று எனக்கு வீண்வேலையாகப் பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சைக்கிளின் சீற் பைப்பையும் முழுதாக வெளியே இழுத்து, துருவைத் துடைத்து, கிறீஸ் பூசித் திரும்ப இறக்க வேண்டும். "நம்மட வாவித் தண்ணி பாதி உப்பு," என்பார். "இரும்பு இரும்போட ஒட்டினா ஒரு உடம்பாப் போயிரும்." ஓடுகிற சைக்கிளின் சீற்றை எதற்குக் கழற்ற வேண்டும் என்பது என் எண்ணம். கிறீஸும் லேசில் கிடைக்காத காலம். அவர் இல்லாத நாட்களில் மேலே சுற்றிவரத் துடைத்து, பளபளப்பாக்கி அனுப்பிவிடுவேன்.

தவமணி மிஸ்ஸியின் சைக்கிள் அப்படித்தான் என் கைக்கு வந்தது. அவர் மருத்துவமாது. நாற்பத்தைந்து வயதிருக்கும். பாலத்தைக் கடந்து, வெல்லாவெளிக்கும் அதற்கு அப்பாலும் போய்வருவார். மாரியில் தண்ணீர் ஏறிய இடங்களில் சைக்கிளை இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போவார் என்று எல்லோருக்கும் தெரியும். சீற் பைப் வளைந்துபோய்க் கொண்டுவந்திருந்தார். கையிருப்பில் இருந்த பைப் அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் மெலிது. போர்மன் அன்று அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"சுறுக்காச் செஞ்சு தாங்க. ஒரு புள்ளத்தாச்சி பாத்துக்கொண்டிருக்கா," என்றார் மிஸ்ஸி.

நான் பால்மாப் பேணியை வெட்டி, தகரத்தை மெலிந்த பைப்பைச் சுற்றி மடித்தேன். ஒரு துண்டு நீளம் போதவில்லை, அதன் கீழே இன்னொன்று வைத்தேன். சுத்தியலால் தட்டி இறக்கினேன். இறுகப் பிடித்தது. கிறீஸ் பூசவில்லை. "சரி மிஸ்ஸி, இனி அசையாது," என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையிலேயே அசையவில்லை. பிறகு இரண்டு முறை அந்தச் சைக்கிள் மூன்று மாதச் சோதனைக்கு வந்தது. இரண்டு முறையும் நானே வாங்கி, துடைத்து அனுப்பினேன்.

இரண்டாவது சோதனை முடிந்து ஒரு மாதத்தில், பாலத்தடியில் இருந்த இராணுவக் காவலரணுக்குப் புதிய படையணி வந்தது. முன்பிருந்தவர்கள் பையையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு விடுவார்கள். சைக்கிள் குழாய்களுக்குள் ஏதோ கடத்தப்படுவதாகப் புதியவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு சைக்கிளிலும் சீற்றைக் கழற்றிக் குழாயைக் காட்டச் சொன்னார்கள்.

அந்தக் கிழமையே ஒரு நாள் காலை எட்டரை மணிபோல, பட்டறை வாசலில் கந்தப்போடியார் வந்து இறங்கினார். படுவான்கரையில் வயல் செய்கிறவர். தயிர்ச் சட்டிகள் கட்டிய சைக்கிளை நிறுத்தவும் மறந்து, மூச்சு வாங்க நின்றார்.

"போர்மன், தவமணி மிஸ்ஸிய மறிச்சு வச்சிரிக்கானுகள். சீற்று கழருதில்ல. ஆட்டிப் பாத்தா உள்ளுக்க கிலுகிலுங்குது. குண்டோ என்னவோண்டு ஆக்களெல்லாத்தையும் தள்ளிப் போகச் சொல்லிட்டான். மிஸ்ஸிய வெயில்ல குந்தவச்சிரிக்கி."

"எவ்வளவு நேரமா?"

"ஆறரைக்குப் போனவ. அங்கால ஒரு பொடிச்சிக்கு விடியச்சாமத்தில இருந்து நோவு. முதல் புள்ளையும் தங்கல்ல. புருசன்காரன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிண்டு கத்துறான்."

கிலுகிலுத்தது என்னவென்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கீழே வைத்த இரண்டாவது தகரத் துண்டு கழன்று குழாயின் அடியில் விழுந்திருக்கிறது.

போர்மன் எங்களைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்: "மிஸ்ஸிட சீற்றுக்குக் கடைசியா வேல செஞ்சது ஆர்?"

நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் நியாயம் சொல்ல முடியவில்லை. பயம்தான். காவலரண், குண்டு என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக வந்த இடத்தில் தன் பெயரையும் கொண்டுபோய் வைக்க அந்த நாளில் யாருக்கும் துணிவு வராது. மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். போர்மன் திரும்பக் கேட்கவில்லை.

மேசையில் பூட்டியிருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை அவர் கழற்றத் தொடங்கினார். பெரிய இரும்பு வைஸ், இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம். நானும் ஒரு கை பிடிக்க, அதைச் சாக்கில் சுற்றித் தன் சைக்கிள் கரியரில் கட்டினார். நான்கு நீளத் திருகாணி, சாவிகள், போத்தலில் கால்வாசி மண்ணெண்ணெய், பழந்துணி.

"சிவம் அண்ணன், நீங்க என்னோட வாறீங்களா?"

"வாறன்," என்றேன்.

பாலம் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். வைஸின் பாரத்தில் அவருடைய பின்சில்லு நசிந்துகொண்டு ஓடியது. நான் என் சைக்கிளில் பக்கத்தில் ஓடினேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒவ்வொரு மிதியிலும் நினைத்தேன். மூன்று கட்டையும் முடிந்தது, நான் சொல்லவில்லை.

காவலரணுக்கு நூறு யார் தூரத்துக்கு முன்னாலேயே மறித்தார்கள். போர்மன் கைகளை உயர்த்திக்கொண்டு சிங்களத்தில் பேசினார். எனக்கு அரைகுறையாக விளங்கியது. தான் சைக்கிள் பட்டறைப் போர்மன், அந்தச் சைக்கிள் தன்னுடைய பொறுப்பில் உள்ளது, சீற்றைக் கழற்றித் தர வந்திருக்கிறேன் என்றார். ஓர் இளம் அதிகாரி வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கண்களில் நித்திரை இல்லை. அவனும் பயந்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மிஸ்ஸி தெருவோரத்தில், தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். வெள்ளைச் சீலை வியர்வையில் நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். சிப்பாய் கையைக் காட்டவும் திரும்ப இருந்தார். அழவில்லை, கெஞ்சவுமில்லை. "போர்மன், இவங்களிட்டக் கேளுங்க, சைக்கிள வச்சிட்டு என்ன நடந்து போக விடுவாங்களாண்டு," என்றார். போர்மன் கேட்டார். அதிகாரி முடியாது என்றான். உள்ளே இருப்பது என்னவென்று தெரியும்வரை அந்த அம்மா போகமுடியாது.

சைக்கிள் வெட்டவெளியில் தனியே சாய்ந்து கிடந்தது. கிட்டப்போய்ப் பார்க்க போர்மன் அனுமதி கேட்டார். குனிந்து, தொடாமல், சீற் பைப் இறங்கும் வளையத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த இடத்தில் தகரத்தின் மடிப்பு ஒரு நூலளவு வெளியே தெரியும். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"இந்த வேலையைச் செய்தது யார்?" அதிகாரி கேட்டான்.

"என் பட்டறை. வெளியே போகும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் நான்தான் பொறுப்பு," என்றார் போர்மன். "உள்ளே இருப்பது தகரம். வேறொன்றும் இல்லை."

"அப்படியென்றால் நீயே கழற்று. மற்ற எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் போங்கள்."

போர்மன் சரி என்றார். வைஸ் கட்டிய சைக்கிளை அவர் தனியே உருட்டிக்கொண்டு போனார். அந்த வைஸை ஒருவர் தூக்க முடியாது. இறுகிய பைப்பை ஒருவர் திருப்பவும் முடியாது. அவருக்கு அது தெரியும். அவருடைய தாய் பாயில் கிடப்பது எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது தகரம்தான் என்று நிச்சயமாய்த் தெரிந்த ஒரே ஆள் நான், நானோ மண்மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கப்போகிறேன்.

"போர்மன்!" என்று கூப்பிட்டேன். "அது என்ட வேல. பால்மாப் பேணித் தகரம். ரெண்டு துண்டு வச்சன். கிறீஸ் போடல்ல. மறுகா ரெண்டு தரம் கழட்டிப் பாக்காம அனுப்பினன்."

அவர் திரும்பினார். "தெரியும் அண்ணன்," என்றார். "அந்த மடிப்பு உங்கட கை. வாங்க, இதில ஒரு பக்கத்தப் பிடிங்க."

அவ்வளவுதான். அதிகாரியிடம் இன்னோர் ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காவலரணுக்கு முன்னால் தறித்த தென்னையின் அடிக்கட்டை ஒன்று நின்றது. வைஸை அதன்மேல் வைத்து நான்கு திருகாணியும் ஏற்றினோம். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பெடல் அச்சைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நிலத்தில் விரித்து, கழன்றவற்றை இடமிருந்து வலமாக அதில் வைத்தார். அந்த இடத்திலும்! அச்சு இருந்த ஓட்டை வழியாகச் சீற் குழாயின் அடிப்பக்கம் திறந்துகொண்டது. அதற்குள் மண்ணெண்ணெயை மெல்ல ஊற்றினார். தலைகீழாக நிற்பதால் எண்ணெய் இறங்கி, பைப்பின் உள்முனையைச் சுற்றித் தங்கும். துரு பிடித்த இடத்துக்குள் அது ஊற வேண்டும்.

"கால் மணித்தியாலம்," என்றார் அதிகாரியிடம்.

"உடனே கழற்று."

"உடனே கழற்றினால் பைப் முறிந்து பாதி உள்ளே நிற்கும். பிறகு யாராலும் காட்ட முடியாது."

நாங்கள் காத்திருந்தோம். பாலத்துக்கு அப்பாலிருந்து அந்தக் கணவனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, சொற்கள் விளங்கவில்லை. போர்மன் ஒரு சிப்பாயிடம் கொதிநீர் கேட்டார். தேநீருக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு ஓடினான். நெருப்புக் காட்டினால் குழாய்களை ஒட்டிய பொருத்து இளகும், மண்ணெண்ணெயும் பற்றும். துணியைக் கொதிநீரில் தோய்த்து வளையத்தைச் சுற்றிக் கட்டினார். வெளிக்குழாய் சூட்டில் ஒரு மயிரளவு விரிந்தால் போதும் என்றார்.

சீற்றின் இருக்கையை மட்டும் கழற்றி, பைப்பின் வெறும் தலையை வைஸில் கவ்வி இறுக்கினோம். இப்போது சைக்கிளின் உடம்பு முழுவதும் எங்களுக்கு நெம்புகோல். அவர் முன்பக்கத்தைப் பிடித்தார், நான் பின்பக்கத்தை.

"இழுக்காதீங்க அண்ணன். திருப்புங்க. அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்."

அசையவில்லை. கட்டைதான் முனகியது. மறுபடி கொதிநீர்த் துணி, மறுபடி திருப்பல். என் உள்ளங்கை கிழிந்தது. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. மண்மூட்டைக்குப் பின்னால் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். போர்மன் மட்டும் தலையைச் சரித்து, பட்டறையில் உருட்டும்போது கேட்பதுபோலக் கேட்டார்.

"விட்டுட்டு," என்றார். பைப் பிடியை விட்டிருந்தது.

பிறகு சுற்றிச் சுற்றி நடந்தோம், செக்கைச் சுற்றுவதுபோல. சிவந்த துருத்தூள் தென்னங்கட்டையில் கொட்டியது. சைக்கிள் அங்குலம் அங்குலமாகப் பைப்பைவிட்டுக் கழன்று வந்தது. சைக்கிளை நிமிர்த்தி, அச்சு இருந்த ஓட்டை கீழே வரப் பிடித்துக் குலுக்கினோம். துரு படிந்த தகரத் துண்டு ஒன்று விழுந்தது. 'பால்' என்ற எழுத்துகளின் பாதி அதில் இன்னும் வாசிக்கக் கூடியதாக இருந்தது.

போர்மன் அதை எடுத்து எனக்கு முன்னால் வைக்கவில்லை. அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். அவன் முகம் ஒரு சின்னப் பையனின் முகமாக மாறியது. சிப்பாய் ஒருவனைக் கூப்பிட்டு, தங்கள் வாகனத்துக்கு வைத்திருந்த கிறீஸ் டின்னைக் கொண்டுவரச் சொன்னான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

குழாயின் உட்புறத்தைத் துணியால் உருவித் துடைத்தோம். போர்மன் தன்னுடைய சைக்கிளின் சீற் பைப்பைக் கழற்றினார். அது சரியான பருமன். கிறீஸ் பூசி மிஸ்ஸியின் சைக்கிளில் இறக்கினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்கிடையில் நான் பெடல் அச்சைக் கைக்குட்டையிலிருந்து வலமிருந்து இடமாக எடுத்துப் பூட்டினேன். மிஸ்ஸி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினார். என் பக்கம் பார்க்க அவருக்கு நேரமில்லை. பாலத்தில் அவ்வளவு வேகமாக ஒரு பெண் சைக்கிள் ஓடி நான் கண்டதில்லை.

போர்மன் சீற் இல்லாத சைக்கிளில், நின்றபடியே மிதித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

மூன்றாம் நாள் மிஸ்ஸி பட்டறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"புள்ள குறுக்கால கிடந்திச்சு," என்றார் போர்மனிடம். "நான் போகக்குள்ள தாய்க்குக் கண் சொருகிட்டு. இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா ரெண்டு உசிரும் இல்ல. இப்ப ரெண்டும் சுகம். பொம்புளப் புள்ள." பிறகு என் பக்கம் திரும்பினார். "சீற்ற அரை இஞ்சி உயத்திவிடுங்க. அண்டைக்கு அவசரத்தில பதிச்சுப் பூட்டிட்டீங்க."

சாவியை எடுத்தேன். ஒரு திருகில் இளகியது, உயர்த்தி இறுக்கினேன். ஏறி இருந்து பார்த்தார். "இப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறைக்குப் போய், அங்கே நின்ற சைக்கிள்கள் அத்தனையின் சீற் பைப்பையும் இழுத்துப் பார்த்தேன். அடுத்த கிழமை வெளியே ஓடியவற்றையும் ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்த்தேன். நான் வேலை செய்தவற்றில் இன்னும் நான்கு அப்படியே இறுகத் தொடங்கியிருந்தன. நான்கையும் கழற்றி, தகரங்களை எடுத்து, போர்மனின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

"நாலு இருந்திச்சு போர்மன். எல்லாம் என்ட வேல."

அவர் துண்டுகளைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, துருப்பிடித்த இரண்டு தகரத் துண்டுகளை வெளியே எடுத்து, என்னுடைய நான்கோடும் சேர்த்து வைத்தார்.

"இது என்ட," என்றார். "போன வருசம், கிறீஸ் முடிஞ்ச நேரம். ஆருக்கும் சொல்லாமக் கழட்டி வச்சிருந்தன் அண்ணன்."

பட்டறையின் மற்ற இருவரும் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் தன் சாமான் பெட்டியைத் திறந்து, அடியில் தகரம் கிலுங்க எதையோ தேடி எடுக்கத் தொடங்கினார்.